உடம்புக்கு வெளியேயும் புள்ளி

தெற்கு பிரான்சின் காஓர் நகரில் ரயிலை விட்டு இறங்கினால், பெஷ் மெர்ல் குகைக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். லோ ஆற்றை ஒட்டியே போய், செலே என்ற சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் திரும்பினால் கப்ரரே கிராமம். குகை அதற்கு மேலே, குன்றில். ஒரு நாளைக்கு 700 பேருக்குத்தான் அனுமதி; முன்பதிவு இல்லாமல் போய் நிற்பது வீண். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே 12 டிகிரிதான். ஸ்வெட்டர் அவசியம்.

1922இல் இரண்டு விடலைப் பையன்கள் தவழ்ந்து நுழைந்து கண்டுபிடித்த குகை இது. மாமூத் யானை, காட்டெருது எல்லாம் சுவரில் உண்டு. நான் போனது இரண்டு குதிரைகளுக்காக.

இரண்டும் எதிரெதிர்த் திசை பார்த்து, பின்பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிய நிற்கின்றன. கழுத்தும் பிடரியும் அடர்கறுப்பு. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. வலப்பக்கம் பாறையின் விளிம்பே குதிரைத் தலையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. வரைந்தவரோ அதற்குள் ஒரு குட்டித் தலையைத் தீட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுற்றிலும் கைத்தடங்கள்: பாறையில் கையைப் பதித்து அதன்மேல் சாயம் ஊதி எடுத்தவை. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற தொல்லியலாளர் கரியை மென்று, எச்சிலில் குழைத்து, வாயாலேயே துப்பித் துப்பி இந்த ஓவியத்தை வேறொரு குகையில் வரைந்து பார்த்திருக்கிறார். 32 மணி நேரம் பிடித்ததாம். வெற்றிலைச் சாற்றைக் குறி தவறாமல் துப்பும் நம்மூர்த் திண்ணைக் கிழவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

குதிரை ஒன்றின் கரியைச் சோதித்ததில் வயது சுமார் 29,000 ஆண்டு. அந்தக் காலத்தில் புள்ளிக் குதிரை ஏது, இது சடங்குக்காக வரைந்தது, மயக்கத்தில் கண்ட காட்சி என்றெல்லாம் ஆய்வாளர்கள் சிலர் சொல்லிவந்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு அந்த வாதத்தை ஆட்டம் காண வைத்தது. மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முன் வாழ்ந்த 31 குதிரைகளின் டிஎன்ஏவைப் படித்தார்கள். 18 செம்பழுப்பு, 7 கறுப்பு, மீதி ஆறில் புள்ளிக்கான மரபணு மாற்றம்!

அந்த மாற்றம் இன்றைய குதிரைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. டென்மார்க்கின் க்னாப்ஸ்ட்ரூப்பர் இனக் குதிரை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரோமத்தில் மட்டுமல்ல, மூக்குத் தோலிலேயே இளஞ்சிவப்பும் கறுப்பும் திட்டுத் திட்டாக இருந்தது. குளம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள். கருவிழியைச் சுற்றி, மனிதக் கண்ணைப் போல வெள்ளை தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாரோ முறைப்பதுபோல.

அழகுக்கு ஒரு விலையும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குட்டிக்குப் பிறவியிலேயே மாலைக்கண். டிஆர்பிஎம்1 என்ற ஒரே மரபணுவுக்கு நிறத்திலும் பங்கு, இருட்டில் பார்ப்பதிலும் பங்கு. ஓநாய் திரிந்த காலத்தில் இரவில் கண் தெரியாத குதிரை எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்? அப்படியும் அந்த மாற்றம் அழியவில்லை.

"பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள்" என்று பலரும் வழக்கை முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். சுவருக்கு முன்னால் நின்றால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: புள்ளிகள் குதிரையோடு நிற்கவில்லை. வயிற்றுக்குக் கீழே, முதுகுக்கு மேலே, வெறும் பாறையிலும் தொடர்கின்றன. புள்ளிக் குதிரையைக் கண்ணால் கண்டவர்தான். ஆனால் கண்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வெளியில் இருக்கும் புள்ளிகளுக்கு எந்த டிஎன்ஏவும் கணக்குச் சொல்லாது.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. காஓர் திரும்பி ஒரு கடையில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் பார்த்தேன். கைத்தடங்களையும் வெளிப்புள்ளிகளையும் சுத்தமாகக் கத்தரித்துவிட்டு, குதிரைகளை மட்டும் வைத்திருந்தார்கள். வாங்கவில்லை.