சாதுவான பச்சோந்தி

பச்சோந்தி தனிமை விரும்பும் உயிர். எவ்வளவு சாதுவானதும் மனிதக் கையைப் பொறுத்துக்கொள்ளுமே தவிர, நாய்க்குட்டிபோலத் தேடி வராது. ஏமன் பச்சோந்தி உடல்வலு மிக்கது, ஆனால் பெரும்பாலும் சிடுசிடுக்கும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி சற்று அமைதியானது. முதல்முறை வளர்ப்பவருக்கு அதுவே ஏற்றது.

ஒரே இனத்திலும் குணம் ஒன்றுக்கொன்று மாறுவதால், நேரில் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கையை மெதுவாக, கீழிருந்து நீட்ட வேண்டும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. உடலை உப்பி, நிறம் கறுத்து, வாய் பிளந்து சீறினால் அஞ்சுகிறது என்று பொருள். ஒரு கண்ணை விரல்மேலும் மறு கண்ணைக் கிளைமேலும் சுழற்றியபடி, முன்காலைத் தயங்கித் தயங்கி விரலில் பதிப்பது நல்ல அறிகுறி. பகலில் கண்மூடிக் கிடப்பதை மட்டும் சாந்தம் என்று எண்ணிவிடக் கூடாது, அது பெரும்பாலும் நோய். குழிவிழுந்த கண் உடலில் நீர் வற்றியதைக் காட்டும்.

காட்டில் பிடிபட்டவை ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வருவதால், பண்ணையில் பொரிந்து 3 மாதம் கடந்த குட்டியே நல்லது. கூண்டுக்கு ஒன்றுதான், குடிநீரை இலைகளில் தெளிக்க வேண்டும். நம்மூர் வேலிகளில் திரியும் இந்தியப் பச்சோந்தியோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.