சாட் ஜன்னலில் வாசித்த வலைப்பக்கங்கள்

எம்ஐஆர்சியைத் திறந்து ஆல்ட் விசையோடு ஆர் அழுத்தினால் வெள்ளையாக ஒரு ஜன்னல் வரும். அரட்டைக்காக மட்டும் அந்த மென்பொருளை வைத்திருந்தவர்களில் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்த்தவர்களில் சிலருக்கு அப்புறம் அரட்டை இரண்டாம்பட்சமாகிவிட்டது. சானலில் பெயரளவுக்கு உட்கார்ந்திருப்பார்கள். கை மட்டும் அந்த வெள்ளை ஜன்னலில் ஏதாவது எழுதி அழித்துக்கொண்டிருக்கும். நான் அந்தக் கூட்டம்.

ஐஆர்சி என்ற அரட்டை முறையை 1988ல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் எழுதினார். விண்டோஸ் கணினிகளில் அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது 1995ல் காலித் மர்தம்-பே வெளியிட்ட எம்ஐஆர்சி. முப்பது நாள் இலவசம், பிறகு பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும். கட்டாவிட்டாலும் அப்போதெல்லாம் ஒரு பெட்டியைக் காட்டி நினைவூட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலை செய்யும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்கள் அந்தப் பெருந்தன்மையில்தான் பல வருடம் ஓடின. வந்தவருக்கு வணக்கம் சொல்ல, கெட்ட வார்த்தை பேசுபவரை வெளியே தள்ள என்று சின்னச் சின்ன வேலைகளுக்காக அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் மொழி வைத்திருந்தார்கள். வருடம் ஏற ஏற அது வளர்ந்து, சாக்கெட் திறக்கும் வசதியும் வந்து சேர்ந்தது. அதாவது, அரட்டை சர்வர் மட்டுமில்லை, இணையத்தில் இருக்கும் எந்த சர்வரின் கதவையும் தட்டலாம். வலைப்பக்க சர்வர் என்றால் கதவு எண் 80.

எனக்கு அந்தக் கதவைத் தட்டக் காரணம் இருந்தது. சானலில் நாள் முழுக்க யாராவது இணைப்புகளை வீசிக்கொண்டிருப்பார்கள். சொடுக்கினால் சில சமயம் பாட்டு, சில சமயம் மூட மூடத் திறக்கும் விளம்பர ஜன்னல்கள், சில சமயம் பிரவுசரே விறைத்துப்போய் கணினியை அணைத்துப் போட வேண்டிய நிலை. மணிக்கணக்கில் காசு கட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அது வீண் செலவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்றால், அதற்குப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். திறந்தாலும், வலது பொத்தானை அழுத்தியதும் "அனுமதி இல்லை" என்று மிரட்டும் பக்கங்கள் அப்போது ஏராளம். ஒருவழியாகப் பக்கத்தின் மூல எழுத்தை, அதாவது சோர்ஸைக் கேட்டு வாங்கினால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை நோட்பேடில் கொட்டும். விண்டோஸ் 98ன் நோட்பேடுக்கு 64 கேபிக்கு மேல் தாங்காது. யூனிக்ஸ் கணினியில் எழுதிய பக்கமாக இருந்தால் வரி எங்கே முடிகிறது என்பதும் அதற்குத் தெரியாது. மொத்தப் பக்கமும் ஒரே வரியாக, நடுநடுவே கறுப்புப் பெட்டிகளோடு நிற்கும். நோட்பேடுக்கு அந்த வரி முடிவைப் புரியவைக்க மைக்ரோசாஃப்ட் 2018 வரை எடுத்துக்கொண்டது.

சானலில் எங்களுக்கு அண்ணன் முறையில் ஒருவர் இருந்தார். ஸ்கிரிப்டில் கெட்டிக்காரர். அவரிடம்தான் கேட்டேன்.

"அண்ணே, எம்ஐஆர்சிக்குள்ளேயே சோர்ஸ் காட்ட முடியுமா?"

"முடியும் தம்பி. முதல்ல டெல்நெட்ல கையால ஒரு தடவை கேட்டுப் பாரு. கெட், ஒரு சாய்கோடு, எச்டிடிபி ஒண்ணு புள்ளி பூஜ்யம். அப்புறம் ரெண்டு என்டர். என்ன வருதுன்னு பார்த்துட்டு வந்து ஸ்கிரிப்ட் எழுது."

கேட்டுப் பார்த்தேன். முதல் வரியில் 200, எல்லாம் சரி என்று வந்தது. அடுத்தடுத்த வரிகளில் தேதி, சர்வர் மென்பொருளின் பெயர், வருவது எவ்வகைக் கோப்பு, எத்தனை பைட். பிறகு ஒரு வெற்று வரி. அதற்கப்புறம்தான் நமக்குப் பழக்கமான கோணக்குறிகள் ஆரம்பித்தன. இத்தனை நாள் பிரவுசர் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் என் கையில் கொடுத்திருக்கிறது. அதன் 'வியூ சோர்ஸ்' காட்டியதும் கடிதத்தை மட்டும்தான். யாருக்கு, எங்கிருந்து, எந்தத் தேதியில், வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டதா என்பதெல்லாம் உறையில் இருந்தது.

அன்றைக்குப் புரிந்த இன்னொன்றைத்தான் இன்றுவரை பெரிதாக நினைக்கிறேன். வலைப்பக்கம் கேட்பதும் அரட்டை அடிப்பதும் ஒரே வகைப் பேச்சு. ஐஆர்சியில் ஒரு செய்தி என்பது ஒரு வரி. 512 பைட்டுக்கு மிகாமல், கடைசியில் வரி முடிவுக்கான இரண்டு குறிகள். 1993ல் வந்த ஆர்எஃப்சி 1459 அப்படித்தான் வகுத்தது. எச்டிடிபியின் தலைப்பு வரிகளும் அதே இரண்டு குறிகளில்தான் முடிகின்றன. அரட்டை மென்பொருள் காலம் காலமாகச் செய்துவந்த வேலை, ஒரு வரி அனுப்பி, வரும் வரிகளை ஒவ்வொன்றாக வாசிப்பது. அதை 80ஆம் கதவுக்குத் திருப்பினால் போதும். சோர்ஸ் பார்க்கும் கருவியை அரட்டை ஸ்கிரிப்டில் எழுதுவது கோமாளித்தனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. பொருத்தமான இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

ஸ்கிரிப்டின் உடல் சின்னது. சாக்கெட் திறந்ததும் ஒரு நிகழ்வு, வாசிக்க ஏதாவது வந்ததும் ஒரு நிகழ்வு, மூடியதும் ஒரு நிகழ்வு. திறந்ததும் கெட் வரியை அனுப்பு. கூடவே எந்தத் தளம் வேண்டும் என்று ஹோஸ்ட் வரி ஒன்றையும் அனுப்பு. ஒரே கணினியில் நூறு தளங்கள் குடியிருக்கும். ஹோஸ்ட் சொல்லாவிட்டால் கதவைத் திறப்பவர் எந்த வீட்டு ஆளோ! வாசிக்கும் நிகழ்வில், வெற்று வரி வரும்வரை தலைப்பு, அதற்குப் பின் பக்கம். பெயருக்கு முன் அட் குறி போட்ட தனி ஜன்னலில் வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போ. ஒரு மாலைக்குள் முடிகிற வேலை.

தொல்லை வந்தது பக்கத்தைக் காட்டும் இடத்தில்தான். எம்ஐஆர்சியின் மொழிக்கு இடைவெளி என்பது சொல்லையும் சொல்லையும் பிரிக்கும் குறி. பத்து இடைவெளி கொடுத்தாலும் கட்டளைக்குள் போகும்போது ஒன்றாகச் சுருங்கும். சோர்ஸை அழகாக உள்தள்ளி எழுதியவரின் உழைப்பெல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு எல்லோரும் செய்த வைத்தியம், 32ஆம் எண் எழுத்தான இடைவெளியை 160ஆம் எண் எழுத்தாக மாற்றுவது. கண்ணுக்கு அதுவும் இடைவெளிதான், மொழிக்குத் தெரியாது. அங்கிருந்து நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் அந்தப் போலி இடைவெளி வேறு ரகளை பண்ணும், அது தனிக் கதை.

கோணக்குறிக்குள் வரும் டேக்குகளுக்கு வண்ணம் பூசலாம் என்று ஆசை வந்தது. ஐஆர்சியில் வண்ணம் என்பது மூன்றாம் எண் கட்டுப்பாட்டுக் குறியும் அதை ஒட்டி ஓர் எண்ணும். எண் இல்லாமல் குறி மட்டும் போட்டால் வண்ணம் நீங்கும். டேக் முடிந்ததும் வெறும் குறி போட்டு வண்ணத்தை நீக்கினால், அதையடுத்து 2003 என்று ஓர் ஆண்டு வந்தால் தீர்ந்தது. முதல் இரண்டு இலக்கத்தை வண்ண எண் என்று விழுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் 03ஐ வேறு நிறத்தில் காட்டும். எண்ணில் தொடங்கும் எதுவும் இப்படி மொட்டையாகும். அந்தக் குறியை விட்டுவிட்டு, எல்லா அலங்காரத்தையும் ஒருசேர நீக்கும் இன்னொரு குறியைப் போட்டால் எண்கள் தப்பிக்கும்.

இவையெல்லாம் எரிச்சல்கள். ஒன்று மட்டும் ஆபத்து. பெரிய பக்கம் வந்தால் எம்ஐஆர்சி திணறி நின்றுவிடும் என்பதால், வரிகளை டைமர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டலாம் என்று பலருக்கும் தோன்றும். டைமர் கட்டளை தன்னிடம் கொடுத்த வரியை இரண்டு முறை மதிப்பிடும். வைக்கும்போது ஒரு முறை, நேரம் வந்து ஓடும்போது ஒரு முறை. டாலர் குறியில் தொடங்கும் சொற்கள் அந்த மொழியில் செயல்கள். யாரோ தன் பக்கத்தில் டாலர் குறி போட்டு எழுதிய ஒரு சொல், இரண்டாம் சுற்றில் என் கணினியில் ஓடும். பார்க்க மட்டும் என்று வாங்கிய எழுத்து கட்டளையாகிவிடும். வெறும் கற்பனைப் பயம் இல்லை இது. 1997ல் ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ என்ற பெயரில் ஒரு புழு, கோப்பு அனுப்பும் வசதி வழியாக எம்ஐஆர்சி பயனர்களிடையே பரவியது. வந்த கோப்பு மென்பொருளின் சொந்த அடைவிலேயே போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம். அதற்குப் பின்னும், "இந்த வரியை அப்படியே அடி, சானலில் அதிகாரம் கிடைக்கும்" என்று ஆசை காட்டி எத்தனையோ பேரை மாட்டிவிட்டார்கள். பிறர் எழுத்தை மாறியில் வைத்து நேரே ஜன்னலுக்குக் கொடு, டைமர் கையில் கொடுக்காதே என்று அண்ணன் சொன்னதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன்.

எனக்கு இந்தக் கருவி அதிகம் காட்டிக்கொடுத்தது தமிழ்ப் பக்கங்களின் நிலையை. அப்போது ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று அரசுத் தரங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி தனியாக இருந்தது. ஈழத்துத் தளங்களிலும் புலம்பெயர்ந்தோர் தளங்களிலும் பாமினி. பிரவுசரில் பார்க்கும்போது எல்லாம் தமிழ். சோர்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றின் குட்டும் வெளிப்படும்.

திஸ்கி இருமொழி எழுத்துரு. ரோமன் எழுத்துகள் தங்கள் இடத்தில் இருக்க, மேல் பாதி 128 இடங்களில் தமிழ் குடியேறியிருக்கும். என் ஜன்னலுக்குத் திஸ்கி எழுத்துருவைக் கொடுத்தால் டேக்குகள் ஆங்கிலத்திலும் நடுவே செய்தி தமிழிலும் தெளிவாக நிற்கும். என் பிரவுசர் காட்டாத காட்சி அது. நோட்பேடில் எழுத்துருவை மாற்றிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும். பாமினி வேறு ரகம். தட்டச்சு விசைகளின் இடத்திலேயே தமிழை வைத்திருந்தது. 'தமிழ்' என்ற சொல் சோர்ஸில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். சரி, ஜன்னலுக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுப்போம் என்றால் செய்தி தமிழாகும், டேக்குகளும் தமிழாகிவிடும். சிறிய எழுத்தில் எழுதிய 'ஃபான்ட்' டேக் 'கழவெ' என்று தெரியும்! பக்கம் முழுக்கக் கழவெ கழவெ என்று ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே ஜன்னலில் படிக்க வழியே இல்லை. டேக்குகளைக் களைந்துவிட்டுச் செய்தியை மட்டும் இன்னொரு ஜன்னலில் காட்டும்படி ஸ்கிரிப்டைப் பிரித்தேன்.

தேடுபொறிகள் தமிழை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அக்காலத்தில் ஆளாளுக்குப் புலம்பினோம். காரணம் இந்த ஜன்னலில் பட்டவர்த்தனமாக இருந்தது. தேடுபொறியும் சோர்ஸைத்தான் படிக்கிறது. அதன் கண்ணில் பாமினிப் பக்கம் என்பது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ் எங்கள் கணினியில் இறக்கி வைத்திருந்த எழுத்துருவில் இருந்தது, பக்கத்தில் இல்லை.

யூனிகோட் வந்தபோது சோர்ஸின் முகம் மாறியது. யுடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அது தெரியாத பழைய எம்ஐஆர்சி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டும். தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒன்று; மறுபடி சின்ன ஏ. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதியின் முதல் பாதிக் குறியீடுகள் எல்லாம் அதே இரண்டு பைட்டில் தொடங்குவதால், மொழி தெரியாதவர்கூட அந்தத் தாளத்தை வைத்தே இது தமிழ் என்று சொல்லிவிடலாம். பழைய பதிப்புகளில் ஒரு வரிக்கு 900 சொச்சம் எழுத்துதான் கொள்ளும். மூன்று பைட் கணக்கில் தமிழுக்கு அது முந்நூறாகச் சுருங்கும். வெட்டும் இடம் மூன்று பைட்டின் நடுவில் விழுந்தால் ஓர் எழுத்து சிதைந்துபோகும். வரியாக வாசிப்பதை விட்டுவிட்டு பைட்டாக வாசித்து, பத்தாம் எண் பைட் வரும் இடத்தில் நானே வெட்டும்படி மாற்றியது அதனால்தான். 2010ல் வந்த ஏழாம் பதிப்பு முழுக்க யூனிகோடுக்கு மாறியபின் இந்தத் தாளம் மறைந்து, தமிழ் தமிழாகவே தெரிந்தது.

இப்போது அதே ஸ்கிரிப்ட் பெரும்பாலான தளங்களில் ஒரு திருப்பிவிடும் பதிலோடு நின்றுவிடும். 80ஐ விட்டு 443க்கு, எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறார்கள். சாக்கெட் திறக்கும்போது ஒரு சுவிட்ச் சேர்த்தால் பின்னால் வந்த எம்ஐஆர்சி அதையும் பேசும். டெல்நெட்டில் கையால் கேட்டுப் பார்க்கும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. கேட்டு வாங்கினாலும் பல பக்கங்களில் சோர்ஸ் என்று வருவது ஒரு வெறும் பெட்டியும் நாலைந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரும்தான். அந்தக் கோப்பைத் திறந்தால் லட்சம் எழுத்து ஒரே வரியில். வேகத்துக்காகச் சுருக்குகிறார்கள், தெரியும். என்றாலும் அடுத்தவர் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே எச்டிஎம்எல் கற்ற தலைமுறைக்கு அது வலது பொத்தானைப் பூட்டியதைவிடப் பெரிய பூட்டு. வலது பொத்தான் பூட்டே நகைச்சுவைதான். அந்த மிரட்டலும் நமக்கு அனுப்பிய எழுத்தில் ஒரு பகுதி, ஓட்டாமல் படிப்பவனை அது எதுவும் செய்யாது.

ஆகவே இப்போதெல்லாம் நான் பார்ப்பது உறையை மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது பரிசு விழுந்திருக்கிறது என்று சுருக்கு இணைப்பு அனுப்பினால், அதை ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பேன். 301, போக வேண்டிய இடம் இன்னது. அங்கே கேட்டால் 302, வேறோர் இடம். அங்கே கேட்டால் ஒரு குக்கீயைத் திணித்துவிட்டு இன்னோர் இடம். கடைசியில் நிற்கும் முகவரியைக் குழுவில் ஒட்டிவிட்டு, "சித்தி, இது பேங்க் இல்லை, அழுத்தாதீங்க" என்று எழுதுவேன். பாதிப் பேர் அதற்குள் அழுத்தியிருப்பார்கள்.