ரோமில் கடைசி நாள்

மறுநாள் விடிந்தால் விமானம். வாடிகனில் ஸெயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக் கும்மட்டத்தில் ஏறியே தீர வேண்டும் என்றார் இவர். மைக்கலாஞ்சலோ வரைந்தது, அவர் 1564-ல் காலமாகி, 1590-ல்தான் கட்டி முடிந்ததாம். மொத்தம் 551 படி! இவருக்கோ இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கூடவே கூடாது" என்றேன். காலைப் பலகாரம் முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

லிஃப்டில் போனால் 231 படி மிச்சம். மேல்தளத்தில் காப்பிக்கடைகூட இருக்கிறது, பாருங்களேன்! மீதி 320 படிக்கு வேறு வழியில்லை. அண்ணாந்து பார்த்தவர், "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். தனியாகவா? முப்பது வருஷத்தில் இவரில்லாமல் நான் தெருக்கோடிக் கோயிலைத் தாண்டியதில்லை.

ஒடுக்கமான படி. சுவரே சாய்ந்து தலைமேல் வரும்; கடைசியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான். (முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம், பாதியில் திரும்புவது கஷ்டம்.) கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

உச்சியில் நல்ல காற்று. கீழே சதுக்கத்தை அணைத்தாற்போலத் தூண் வரிசை; நடுவே எகிப்திலிருந்து வந்த ஒற்றைக்கல். மேல்தளத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி அண்ணாந்திருந்தது. கையை ஆட்டினேன். தொப்பியும் ஆடியது.

இறங்கி வந்ததும், "என்ன தெரிஞ்சுது?" என்றார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேயிருந்தார், காப்பி ஆறிப்போயிற்று.