நண்பகல் பேயும் பதினொரு மணித் தேநீரும்

கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தில் நைல் கழிமுகத்துக்கு மேற்கேயுள்ள கெல்லியா என்ற பாலைநிலத்தில் எவாக்ரியஸ் என்றொரு துறவி வாழ்ந்தார். கெல்லியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் சிற்றறைகள் என்று பொருள். அங்கே துறவிகள் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தொலைவில் தனித்தனி அறைகளில் தங்கினார்கள். வாரநாட்களைப் பிரார்த்தனையிலும் கைவேலையிலும் தனியே கழித்தார்கள். சனி ஞாயிறுகளில் மட்டும் கோயிலில் கூடினார்கள். கான்ஸ்டாண்டிநோபிளின் பெருநகர வாழ்வை விட்டு வந்த எவாக்ரியஸ், 399இல் இறக்கும்வரை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். தனிமையில் மனம் படும் பாட்டை ஒரு வைத்தியரின் நிதானத்தோடு குறித்தும் வைத்தார்.

துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களில் மிகக் கனமானது என்று அவர் குறிப்பிடுவது ‘அகேடியா’வை. நண்பகல் பேய் என்பது அதன் இன்னொரு பெயர். காலை பத்து மணியளவில் வந்து பிற்பகல் இரண்டு மணிவரை அது அறையைச் சுற்றிக்கொண்டிருக்கும். சூரியன் நகரவேயில்லை என்று தோன்றும். துறவி அடிக்கடி சன்னலைப் பார்ப்பார், அறையைவிட்டு வெளியே வருவார், உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இருபுறமும் நோக்குவார். கைவேலை கசக்கும். மனிதரிடையே அன்பு அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஒருவருமில்லை என்ற எண்ணம் மெல்ல ஊறும்.

முதன்முறை இந்த வர்ணனையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் துறவியின் முற்பகல் ஏறத்தாழ என்னுடைய முற்பகலாக இருந்தது.

*

பாடநூல்களுக்கும் கையேடுகளுக்கும் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேலை வீட்டுக்கு வந்தது. மறுவருடம் அலுவலகம் இருந்த மாடியை நிர்வாகம் காலி செய்துவிட்டதால், வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது. நான் தனியாக வசிப்பவன். சென்னையின் புறநகரில் இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. காலையில் பேருந்தில் நசுங்க வேண்டியதில்லை என்பதும், மதியம் சூடாகச் சாப்பிடலாம் என்பதும் தொடக்கத்தில் மகிழ்ச்சியையே தந்தன.

பிறகு அந்தப் பழக்கம் வந்தது. இரண்டு பத்தி திருத்தியதும் கை தன்னிச்சையாக மின்னஞ்சலைத் திறக்கும். அங்கே ஒன்றுமிராது. அடுத்துக் கைபேசி, அடுத்துச் செய்தித்தளம், அடுத்து எந்த அணிகள் ஆடுகின்றன என்றுகூடத் தெரியாத ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை. பிறகு எழுந்துபோய் முறுக்கு டப்பாவைத் திறப்பது. பசியே இல்லாமல் தின்ற அந்த அரை முறுக்கோடு திரும்பிவந்து உட்கார்ந்ததும் மறுபடி மின்னஞ்சல். ஒரு நாள் இதை எண்ணிப் பார்க்கலாம் என்று மேசையில் ஒரு நோட்டை வைத்து ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டேன். மாலை ஐந்து மணிக்கு ஐம்பத்து மூன்று கோடுகள் இருந்தன.

அதே வாரத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர் வந்தது. “எவ்வளவு?” என்று கேட்க வாயைத் திறந்தேன், கரகரத்துப்போன ஒரு குரல் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அன்று நான் பேசிய முதல் சொல் அதுதான். முந்தைய நாளும் யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்து மூன்று கோடுகளும் இந்தக் கரகரப்பும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்றே சில காலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கை கழுவுவதையோ பூட்டை இழுத்துப் பார்ப்பதையோ நிறுத்த முடியாமல் அச்சத்தில் தவிப்பவர்களின் நிலை வேறு. அது நோய். அதற்கு மருந்தும் உளச்சிகிச்சையும் உண்டு, மருத்துவரிடம் போவதே வழி. நான் சொல்வது, நோய் என்று எவரும் ஒப்புக்கொள்ளாத, ஆனால் ஒரு நாளை முழுவதுமாகத் தின்றுவிடக்கூடிய சின்னப் பழக்கங்களைப் பற்றி.

*

இப்பழக்கங்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கு உளவியலில் நன்கு அறியப்பட்ட விளக்கம் இருக்கிறது. பி.எஃப்.ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலில் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் விரிவாக வருகின்றன. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துவந்த புறா, தானியம் நின்றதும் விரைவிலேயே கொத்துவதை விட்டுவிடுகிறது. எத்தனையாவது கொத்தலுக்குக் கிடைக்கும் என்று தெரியாதவாறு பழக்கப்பட்ட புறாவோ ஓயாமல் கொத்துகிறது, தானியமே வராமல் போன பின்பும் நெடுநேரம் கொத்துகிறது. நாற்பது முறை வெறுமையாக இருந்து நாற்பத்தோராவது முறை ஒரு நண்பரின் கடிதத்தைக் காட்டும் மின்னஞ்சல் பெட்டி நம்மை அந்த இரண்டாவது புறாவாக ஆக்கிவிடுகிறது.

விளக்கம் சரியானதுதான். ஆனால் பழக்கம் ஏன் நிற்பதில்லை என்று அது சொல்லும் அளவுக்கு, ஏன் தொடங்குகிறது என்று சொல்வதில்லை. அதே மின்னஞ்சல், அதே கைபேசி அலுவலகத்திலும் என்னிடம் இருந்தன. அங்கே ஐம்பத்து மூன்று கோடுகள் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழில் கத்தோலிக்க ஞானோபதேசம் படித்தவர்கள் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பிப்பார்கள். அதில் கடைசியாக வருவது சோம்பல். எவாக்ரியஸின் அகேடியாதான் நூற்றாண்டுகளின் ஊடே உருமாறி அந்தச் சொல்லாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வழியில் முக்கியமான ஒன்று தவறி விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பத்து மூன்று முறை எழுந்து உட்கார்பவன் சோம்பேறி அல்ல. எவாக்ரியஸின் துறவியும் சோம்பிக் கிடக்கவில்லை, வாசலுக்கும் சன்னலுக்கும் அலைந்துகொண்டிருந்தார். யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மின்னஞ்சலைத் திறக்கும் கையும் அதைத்தான் செய்கிறது.

*

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மன உறுதி மிக்கவர். இதே பழக்கத்தை ஒரே நாளில் வெட்டி எறிந்தார். கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய பட்டன் போன் ஒன்றை வாங்கினார். மின்னஞ்சல் இரவு ஒரு வேளை மட்டும். முதல் இரண்டு வாரங்கள் வேலை பிரமாதமாக ஓடியது என்று எழுதினார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது வாரத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். நான்காம் நாள் தண்ணீர் கேன் போட வந்த பையன், கதவு திறக்கத் தாமதமானதைக் கண்டு கீழ்வீட்டாரைக் கூப்பிட்டான். பிழைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் சொன்னார்: “காய்ச்சல்கூடப் பெரிதில்லை. மூன்று நாளாக ஆளைக் காணோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதுதான்.”

நண்பர் கைக்கொண்ட மருந்து எவாக்ரியஸுடையதும்தான். பேய் வரும் நேரத்தில் அறையைவிட்டு ஓடாதே, பொறுத்திரு என்பதுதான் அவருடைய அறிவுரை. ஆனால் அது கெல்லியாவில் தரப்பட்ட மருந்து. சனிக்கிழமை ஒருவர் கோயிலுக்கு வரவில்லையென்றால் மற்றவர்கள் அறைக்குத் தேடிப்போகும் இடம் அது. மனதில் ஓடியதையெல்லாம் ஒரு மூத்தவரிடம் சொல்லிவிடும் வழக்கமும் அந்தத் துறவியருக்கு இருந்தது. தனிமை அங்கே ஒரு கூட்டு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டால், எஞ்சுவது பூட்டிய கதவுதான்.

*

வீட்டிலிருந்து வேலை என்பதைப் புதிய விஷயமாகப் பேசுகிறோம். தொலைத்தொடர்பு வழியே வேலைக்குப் ‘போவது’ என்ற கருத்துக்கு அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் 1973இல் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டினார். போக்குவரத்து நெரிசலைக் குறைப்பதே அவர் நோக்கம். அவர் முதலில் ஆராய்ந்ததும், ஊழியர்களை வீட்டில் உட்கார வைப்பதை அல்ல, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறு கிளை அலுவலகங்களில் ஒன்றாக உட்கார வைப்பதை. அந்தப் பாதி பிற்பாடு எங்கோ உதிர்ந்துவிட்டது.

நம் ஊர்களிலோ வீடுதான் பல தொழில்களுக்குப் பட்டறை. கைத்தறி நெசவாளிக்குத் தறி வீட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பாவை வீதியில் நீட்டிக் கஞ்சி போட நாலு வீட்டு ஆட்கள் வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சித்தி பீடி சுற்றினாள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று அந்த வட்டாரம் முழுவதும் பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் காட்சி இன்றும் உண்டு. அவரவர் இலை, அவரவர் தூள், அவரவர் கணக்கு. சேர்ந்து உட்கார வேண்டிய தேவை தொழிலில் இல்லை. ஒருமுறை சித்தியிடம் இதைக் கேட்டேன். இலை வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “தனியா இருந்து சுத்துனா கை ஓடாதுய்யா. எந்திச்சு எந்திச்சு அடுப்படிக்குப் போவச் சொல்லும். நாலு பேரோட இருந்தா ஆயிரம் முடிஞ்சதே தெரியாது.”

எந்திச்சு எந்திச்சு அடுப்படிக்கு. என் முறுக்கு டப்பாவை அவள் பார்த்ததேயில்லை.

அந்தத் திண்ணையைச் சொர்க்கமாக்க எனக்கு விருப்பமில்லை. புகையிலைத் தூளின் நெடி, ஓயாத இருமல், குனிந்தே போன முதுகு, கடையில் சரியில்லை என்று கழித்துப் போடப்படும் பீடிகள், அற்பக் கூலி எல்லாம் அங்கே உண்டு. வம்பும் சண்டையும் உண்டு. ஒருத்தி மீது மற்றவளுக்குப் பிரியம் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்தது வேறொன்று. ஒருத்தி வரவில்லையென்றால் அன்று காலையிலேயே தெரிந்துவிடும்.

அலுவலகம் எனக்குத் தந்ததும் நட்பு அல்ல. எதிர் மேசையில் இருந்தவரோடு எனக்கு எந்த ஒட்டுதலும் இருந்ததில்லை. ஆனால் நான் பெருமூச்சு விட்டால் அவர் தலை நிமிரும். நான் இருப்பதற்கு அவர் சாட்சி, அவர் இருப்பதற்கு நான். சாட்சியில்லாத நாளில் மனம் தானே ஏதாவது ஒரு நிகழ்ச்சியை உண்டாக்கிக்கொள்கிறது. டப்பாவைத் திறப்பதும் மின்னஞ்சலைப் புதுப்பிப்பதும் அப்படி உண்டாக்கப்பட்ட நிகழ்ச்சிகளே. அவற்றைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவது, பசித்தவனிடமிருந்து பொரியைப் பறிப்பது போன்றது. பொரி உணவல்ல என்பது உண்மை. அதனால் பசி பொய்யாகிவிடாது.

*

இப்போது நானும் அந்த நண்பரும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு அவர் அழைப்பார். அன்று முடிக்க வேண்டிய பக்கங்களை இருவரும் சொல்லிக்கொள்வோம், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. மாலை ஐந்து மணிக்கு நான் அழைப்பேன். முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

மெய்ப்புகளை அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்துகிறேன். திரையில் செய்வதைவிட நேரம் கூடுதலாகிறது. ஆனாலும் திருத்திய தாள்கள் ஒரு பக்கம் உயர்வதைக் கண் பார்க்கிறது. ஜான் காசியன் என்பவர் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் பவுல் என்ற துறவியைப் பற்றிச் சொல்கிறார். ஊரிலிருந்து ஏழு நாள் நடைத் தொலைவில் இருந்தவர் அவர். செய்த வேலையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு அதன் விலையைவிட அதிகம். இருந்தும் தினமும் பனையோலை சேர்த்து வேலை செய்தார். குகை நிறைந்ததும் ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் எரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். கைக்கு வேலை எதற்காக வேண்டியிருக்கிறது என்பதை எனக்கு இதைவிட நன்றாக எவரும் சொன்னதில்லை.

பதினொரு மணிக்கு, பேய் வரும் நேரத்தில், படியிறங்கித் தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போகிறேன். ஆட்டோ ஓட்டுநர் இருவர், மருந்துக்கடைப் பையன், ஓய்வுபெற்ற ஒருவர். யாருடைய பெயரும் தெரியாது. வெயிலைப் பற்றி ஒரு வாக்கியம், கிளாஸைத் திருப்பி வைப்பது, திரும்பி நடப்பது. பத்து நிமிடம்.

கோடு போடும் நோட்டு இன்னும் மேசையில் இருக்கிறது. நேற்று பத்தொன்பது கோடுகள். பழக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒழிய வேண்டும் என்ற பதற்றம் குறைந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள் பல்வலி, கடைக்குப் போகவில்லை. மறுநாள் போனபோது மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “என்ன சார், நேத்து ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா?”

பல்வலி என்றேன். சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்தார்.