அந்த அஞ்சு பேரைப் பாரு!

அமெரிக்க ஃபுட்பாலா? 'ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆடுற சடுகுடு'ன்னு கிண்டல் அடிச்சுக்கிட்டு இருந்த ஆள்தான் நானும். 2014 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க டல்லாஸ் பக்கம் போய் இறங்கினேன். ரெண்டு பெட்ரூம்ல அஞ்சு பேர். ஞாயித்துக்கிழமை அடுப்புல சாம்பார் கொதிக்கும், டி.வி-யில டல்லாஸ் கவ்பாய்ஸ் ஓடும். ரூம்ல இருந்த மதுரைக்கார சீனியர்தான் முதல் பாடம் எடுத்தார். ''தம்பி, பந்தைப் பாக்காத. நடுவுல குனிஞ்சு நிக்கிற அந்த அஞ்சு பேரைப் பாரு!''

அதுக்குப் பேர் அஃபென்ஸிவ் லைன். ஆளுக்கு சுமார் 140 கிலோ. பந்தை எறியுறது, தூக்கிட்டு ஓடுறதெல்லாம் இவங்க வேலை இல்லை. குவார்ட்டர்பேக்கை எதிராளி சாய்ச்சுடாம மறிக்கணும், ஓடுறவனுக்குச் சந்து திறந்துவிடணும். அவ்ளோதான். தப்புப் பண்ணி, நடுவர் மஞ்சள் துணியை வீசினாதான் மைக்ல இவங்க நம்பரே கேட்கும்!

2011, 2012, 2013... மூணு சீஸனும் கவ்பாய்ஸுக்கு 8 வெற்றி, 8 தோல்வி. அரியரும் இல்லாம, ஃபர்ஸ்ட் கிளாஸும் இல்லாம ஒப்பேத்துற கேஸ். ஆனா, உள்ளுக்குள்ள அஸ்திவார வேலை நடந்திருக்கு. காலேஜ் பசங்களை டீம்கள் வரிசையா பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட்ல, 2011 முதல் ரவுண்டுல டைரன் ஸ்மித்தை எடுத்தாங்க. வயசு 20! 2013-ல டிராவிஸ் ஃபிரெடரிக். 'இவருக்கு முதல் ரவுண்டா?'ன்னு நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினாங்க.

நிஜப் பரீட்சை 2014-ல. டெக்சாஸே கொண்டாடின காலேஜ் ஹீரோ ஜானி மேன்ஸியல் கைக்கெட்டுற தூரத்துல இருந்தார். ஓனர் ஜெர்ரி ஜோன்ஸுக்கும் அவர் மேல ஒரு கண்ணு. மகன் ஸ்டீபன் உட்பட மத்தவங்க மறிச்சு, ஜாக் மார்ட்டின்ங்கிற லைன்மேனை எடுக்கவெச்சாங்க. மேன்ஸியலோட என்.எஃப்.எல். வாழ்க்கை ரெண்டே சீஸன். மார்ட்டின் 2025-ல ஓய்வு பெறும்போது 9 தடவை புரோ பவுலுக்குத் தேர்வாகியிருந்தார். இத்தனைக்கும் அதே லைன்ல ஆடின ரொனால்ட் லியரி, டிராஃப்ட்ல யாருமே சீண்டாத ஆள்.

அந்த சீஸன்ல 12 வெற்றி. டிமார்கோ மர்ரே 1,845 யார்டு ஓடி லீக்லயே முதலிடம். மறுவருஷம் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்... 702 யார்டுதான்! (ஒரே சீஸன்ல 392 தடவை ஓடினா காலும் ஓய்ஞ்சுதான் போயிருக்கும்னு நான் வாதாடுவேன். சீனியர் ஒத்துக்கவே மாட்டார்.) சூப்பர் பவுல் மட்டும் அந்த செட்டுக்குக் கடைசி வரை கிடைக்கலை.

2015 ஏப்ரல்ல எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சுது. ரெஸ்யூமேவை ஏழு தடவை திருத்தினது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேள்வி கேட்டுக் குடைஞ்சது, இன்டர்வியூ அன்னிக்குக் காலையில தன்னோட ஓட்டை கார்ல கொண்டுபோய் இறக்கிவிட்டது... எல்லாம் அந்த சீனியர். டிசம்பர்லயே படிப்பை முடிச்ச அவருக்கு வேலை அமையலை. வேலையில்லாம இருக்க விசா தர்ற 90 நாள் கெடு மே மாசம் முடிஞ்சுது. பெட்டியைக் கட்டிட்டார். ஏர்போர்ட்டுக்கு நான் போகலை. ஆபீஸ்ல முதல் வாரம், லீவு கேட்க பயம். 'ட்ரீட் பாக்கி இருக்குண்ணே'ன்னு ஒரு மெசேஜ் தட்டினதோட சரி.

2018-ல ஃபிரெடரிக்குக்கு கியான் பாரே நோய். உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குற வியாதி. அந்த சீஸன் முழுக்க ஆட முடியலை. (2019-ல திரும்பி வந்து 16 மேட்ச்சும் ஆடிட்டு, 2020-ல ஓய்வு வாங்கிட்டார்.) செய்தியைப் பார்த்ததும் மதுரைக்கு போன் போட்டேன். மூணு வருஷத்துல முதல் தடவை.

''அண்ணே, பாத்தீங்களா?''

''பாத்தேன் தம்பி. சென்டர்ல இப்ப யாரை நிறுத்துவாய்ங்க?''

சொல்லணும்னு நினைச்சது தொண்டையில நின்னுடுச்சு. ஜோ லூனி தாங்குவாரா, மாட்டாரான்னு அரை மணி நேரம் பேசிட்டு வெச்சுட்டேன்.