தொலைந்த பெட்டியும் பிறந்த பாடல்களும்

அக்டோபர் என்றதும் நம் நினைவுக்கு வருவது செபமாலை மாதம். அதே பெயரைத் தாங்கிய இசைத்தட்டு ஒன்றும் உலகில் உண்டு. அதைப் பாடியவர்கள் துறவியர் அல்லர். மின்கிதாரும் முரசும் முழங்கும் ராக் இசைக் குழுவினர். "ராக் இசைக்கும் செபத்துக்கும் என்ன உறவு?" என்று பெரியோர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த இளைஞர்களும் அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுத் தவித்தார்கள். ஆகவேதான் அவர்களுடைய கதையை இம்மலரில் எழுத விழைந்தோம்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் மவுண்ட் டெம்பிள் என்றொரு பள்ளி. 1976-ஆம் ஆண்டில், அங்கு பயின்ற லாரி முல்லன் என்ற பதினான்கு வயது மாணவர், இசைக் குழு அமைக்க ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அதைக் கண்டு வந்தவர்களுள் 'போனோ' எனப்படும் பால் ஹியூசன், 'எட்ஜ்' எனப்படும் டேவிட் எவன்ஸ், ஆடம் கிளேட்டன் ஆகிய மூவர் நிலைத்து நின்றனர். இவ்வாறு பிறந்ததுதான் 'யூ டூ' குழு. அவர்களது முதல் இசைத்தட்டு 1980-இல் வெளிவந்தது. இரண்டாவதுதான் 1981 அக்டோபரில் வெளியான 'அக்டோபர்'.

போனோவின் தந்தை கத்தோலிக்கர். தாய் புரொட்டஸ்தாந்து சபையினர். சமயப் பிரிவின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்ட தீவில், ஒரே வீட்டில் இரு சபைகள்! 1974-இல், தம் தந்தையின் அடக்கச் சடங்கின்போது மயங்கி விழுந்த அந்தத் தாய், சில நாட்களில் உயிர் நீத்தார். போனோவுக்கு அப்போது வயது பதினான்கு. அந்தக் காயம் அவருடைய பாடல்களில் இன்றளவும் ஆறவில்லை.

1981 மார்ச்சில் குழுவினர் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தனர். போர்ட்லண்ட் நகரில் ஓரிரவு நிகழ்ச்சி முடிந்தபின், போனோவின் கைப்பெட்டியைக் காணவில்லை. புதிய பாடல்களுக்காக அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அதில்தான் இருந்தன. தேர்வுக்கு முந்தின நாள் குறிப்பேடு தொலைந்தால் நம் கதி என்ன? அந்தக் கதிதான் அவருக்கும். டப்ளினின் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவு நிலையத்துக்குள் நுழைந்தபோது மெட்டுகள் இருந்தன, சொற்கள் இல்லை. ஒலிவாங்கியின் முன் நின்றபடியே பல பாடல்களுக்குச் சொற்களைத் தேடினார்.

கையில் ஏடில்லாதவனுக்கு வாயில் என்ன வரும்? நெஞ்சில் இருப்பதுதான் வரும். முதற்பாடலான 'குளோரியா'வைக் கேட்டு நாங்கள் வியந்தோம். தாய்மொழியில் சொல் கிட்டாமல் தடுமாறும் ஒருவர், திடீரென்று இலத்தீனில் இறைவனைப் புகழ்கிறார். 31-ஆம் திருப்பாடலின் சாயல் அதில் உண்டு. 'டுமாரோ' என்ற பாடலில் அயர்லாந்தின் பைக்குழல் அழுகிறது. அதை வாசித்தவர் வின்னி கில்டஃப். அது தம் தாயின் இறுதி ஊர்வல நாளைப் பற்றியது என்பது, பாடிய பிறகே போனோவுக்குப் புரிந்ததாம். 'அக்டோபர்' என்ற தலைப்புப் பாடலிலோ ஆரவாரமே இல்லை. கிதாரை வைத்துவிட்டு எட்ஜ் பியானோ வாசிக்கிறார். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இலையுதிர்ந்த மரத்தைப் பார்த்தாற்போன்ற அமைதி.

இது குறையற்ற படைப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பாதியில் நிற்கும் வரிகள் உண்டு. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும் பாடலும் உண்டு. ஆயினும் நாம் எல்லோரும் ஆலயத்தில் அழகான சொற்களோடுதானா மண்டியிடுகிறோம்? எவ்வாறு செபிப்பது என்று அறியாத நம் வலுவின்மையில் தூய ஆவியாரே துணை நிற்கிறார் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதவில்லையா?

இந்த இசைத்தட்டின் பின்னே மற்றொரு போராட்டமும் இருந்தது. போனோ, எட்ஜ், லாரி மூவரும் 'ஷாலோம்' என்ற கிறிஸ்தவச் செபக் குழுவில் சேர்ந்திருந்தனர். ராக் இசையும் இறைப்பற்றும் ஒன்றாக இருக்க முடியாது, இசையைத் துறந்துவிடுங்கள் என்ற குரல் அங்கு எழுந்தது. அது எட்ஜின் மனத்தை ஆழமாகத் தைத்தது. குழுவை விட்டு விலகும் அளவுக்குச் சென்றார் அவர். மேலாளர் பால் மெக்கின்னஸோ, ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தங்களை நினைவூட்டினார். கொடுத்த வாக்கை மீறுவதும் இறைவனுக்கு உகந்ததாகாதே! இறுதியில் அவர்கள் துறந்தது இசையை அன்று, அந்தச் செபக் குழுவை. விசுவாசத்தையோ அவர்கள் கைவிடவில்லை.

அவர்களது முடிவு சரியா? மரத்தைக் கனியால் அறியலாம் என்பது ஆண்டவர் தந்த அளவுகோல். 1983-இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில், வடஅயர்லாந்தின் வன்முறையை எதிர்த்து அவர்கள் பாடினர். 1985-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நிதி திரட்டிய மாபெரும் இசை நிகழ்ச்சியில் பங்கேற்றனர். போனோ அத்துடன் நில்லாமல், அதே ஆண்டில் மனைவியோடு எத்தியோப்பியாவுக்கே சென்று நிவாரணப் பணியில் ஈடுபட்டார். 1999-இல், ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தார். போனோவின் கறுப்புக் கண்ணாடியைத் திருத்தந்தை வாங்கி அணிந்து குறும்பாகச் சிரித்தாராம்!

தொலைந்த பெட்டியை மறந்துவிட்டோமே! வாடகை வீடு ஒன்றின் பரணில் அதைக் கண்டெடுத்த ஒரு பெண்மணி, 2004 அக்டோபரில் உரியவரிடம் ஒப்படைத்தார். இருபத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் அந்தக் குறிப்புகள் இல்லாமலேயே பிறந்த பாடல்கள் உலகைச் சுற்றி வந்துவிட்டன.

அன்புத் தோழியரே! பாட்டோ, ஓவியமோ, விளையாட்டோ, நம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாலந்து தரப்பட்டிருக்கிறது. "இது உனக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள், சில வேளைகளில் அந்தக் குரல் நம் நெஞ்சுக்குள்ளிருந்தே எழும். நற்செய்தியில் தலைவரின் கடிந்துரைக்கு ஆளானவன், தாலந்தைத் தவறாகச் செலவழித்தவன் அல்லன்; அஞ்சி மண்ணில் புதைத்தவன். எனவே, புதைக்காமல் கையில் ஏந்துவோம். தந்தவர்க்கு மகிமையாகவும், அயலார்க்குப் பயனாகவும் அதைப் பெருக்குவோம்.