சித்தன்னவாசலில் அடித்து எழுதிய வரி

புதுக்கோட்டைக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சின்னப் புத்தகமாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அவர் பிறந்த ஊரைப் பார்க்காமல் எழுதுவதா? நோட்டும் கையுமாக நாத்தனார் வீட்டில் போய் இறங்கினேன். ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் கொடுத்த கதையையெல்லாம் எழுதினேன். முதல் வரி என்ன தெரியுமோ? 'இந்தியாவின் முதல் பெண் டாக்டர் பிறந்த ஊர் இது!' எனக்கே ரொம்பப் பெருமை.

"எழுதினது போதும் அண்ணி, நாளைக்கு சித்தன்னவாசல் போயிட்டு வரலாம்" என்றாள் நாத்தனார்.

சுமார் 16 கிலோமீட்டர்தான். விடியற்காலையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினோம். குழந்தைகளோடு போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் பிஞ்சுக் கால் தாங்காது. தண்ணீரும் தாராளமாக வேண்டும். முதலில் மலைமேல் ஏழடிப்பட்டம். சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள், தலையணை போல மேடு விட்டு வழுவழுவென்று இருக்கின்றன. அந்தக் கல்லில் எப்படித்தான் தூக்கம் வந்ததோ!

கீழே அறிவர் கோயில். உள்ளே நிமிர்ந்து பார்த்தால், கூரை முழுக்கத் தாமரைக் குளம். மீன்கள், யானைகள், எருமைகள், நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். தூணில் ஆடும் பெண்ணின் கையும் இடுப்பும் அத்தனை நளினம். நிறைய அழிந்து போயிருக்கிறது. மிஞ்சியதைப் பார்க்கவே கழுத்து வலிக்கும் வரை நின்றோம்.

"மகேந்திரவர்ம பல்லவன் வரைஞ்சதுதானே அண்ணி?"

நானும் அப்படித்தான் படித்தேன். 1920-ல் இவற்றைப் பார்த்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேல் முதலானோர் பல்லவர் காலத்தவை என்றே கருதினார்கள். ஆனால் குகைக்கு வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான் என்கிறது அது. அதற்குப் பிறகு இந்த ஓவியங்களையும் பாண்டியர் காலத்தவை என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். பெரிய ராஜாவின் பேர் வாயில் வந்த அளவுக்கு இந்த ஆசிரியரின் பேர் நமக்கு வரவில்லையே!

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சுருக்கென்றது. என் முதல் வரியை நான் எங்கே பார்த்து எழுதினேன்? எல்லோரும் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். மராத்தியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியது 1886 மார்ச்சில். முத்துலட்சுமி பிறந்ததே அவ்வருஷம் ஜூலை 30-ல்தான்! கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் அதே 1886-ல் டாக்டராகிவிட்டார். நம்மவர் சென்னையில் படித்துத் தேறியது 1912-ல்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகையே வந்தது. 'முதல்' போய்விட்டால் பிள்ளைகள் எதற்காகப் படிப்பார்கள்? புத்தகமே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம்தான் முன்பு ஓரமாகக் குறித்து வைத்திருந்த ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய தங்கை சுந்தராம்பாளுக்குப் புற்றுநோய். அக்கா டாக்டர்; பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்ததே தவிர, காப்பாற்ற முடியவில்லை. 1923-ல் தங்கை போய்விட்டாள். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை நோயாளிகளுக்காகத் திறந்தது 1954-ல். நடுவே 31 வருஷம்! அத்தனை வருஷமும் அவர் மனசில் அந்தத் தங்கை இருந்திருக்கிறாள். இதைப் போய் நான் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டே வரியில் வைத்திருந்தேன்.

பழைய முதல் வரியை அடித்தேன். புதிதாக எழுதிக் காலையில் நாத்தனாரிடம் நீட்டினேன்: 'முத்துலட்சுமிக்கு சுந்தராம்பாள் என்று ஒரு தங்கை இருந்தாள்.'

காபியை ஆற்றிக்கொண்டே படித்தாள்.

"இருந்தாளா? அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு அண்ணி?"